விடிந்தும் வற்றாத இரைப்பை

கோழியின் கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில், அதன் வலப்பக்கமாக, தோலுக்கு அடியில் ஒரு பை இருக்கிறது. இரைப்பை என்போம், சில ஊர்களில் தீனிப்பை. கொத்தியதெல்லாம் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். அங்கே செரிமானம் என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை. தானியம் ஊறும், மெத்தென்று ஆகும், லாக்டோபேசில்லஸ் வகை நுண்ணுயிர்கள் அதை லேசாகப் புளிக்க வைக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, அமிலம் சுரக்கும் முன்வயிற்றைத் தாண்டி, அரைவைப்பைக்குப் போகும். கறிக்கடையில் ஈரலோடு சேர்த்துப் போடுவார்களே, அந்தக் கெட்டித் தசைதான் அரைவைப்பை. பல் இல்லாத பறவைக்குப் பல் வேலை பார்ப்பது அது.

இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வைத்தியம் விளங்கிவிடும். அரைவைப்பை நிரம்பியிருந்தால் மேலிருந்து இரை இறங்காது. குடலில் புழு அடைத்திருந்தாலும் இறங்காது. முட்டை வெளியே வர முடியாமல் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாலும் மொத்த ஓட்டமும் நின்றுபோகும். அப்போதெல்லாம் நம் கண்ணுக்குத் தெரிவது இரைப்பை வீக்கம் மட்டும்தான். கோளாறு வேறெங்கோ இருக்க, நாம் இரைப்பையையே பிசைந்துகொண்டிருப்போம். இரைப்பை வீங்கிய கோழிகளில் கணிசமானவை அந்த வீக்கத்தால் சாவதில்லை. அதைப் பிழிந்து காலி செய்யப் போகும் நம் அவசரத்தால் சாகின்றன.

முதலில், அது கோளாறுதானா என்று பார்க்க வேண்டும். சாயங்காலம் அடையப் போகும் கோழிக்கு இரைப்பை புடைத்துத்தான் இருக்கும். ராத்திரிக்கு வேண்டிய தீனியைச் சேர்த்து வைத்துக்கொள்வது அதன் இயல்பு. மாலையில் மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பயப்படத் தேவையில்லை. அடைந்த பிறகு ஒருமுறை தொட்டு அளவைப் பாருங்கள். கூட்டுக்குள் தீனி எதுவும் இல்லாமல் எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கலாம். விடிந்ததும், கூடு திறப்பதற்கு முன், எதையும் கொத்துவதற்கு முன், மறுபடி தொட்டுப் பாருங்கள். நல்ல கோழிக்குப் பை இருக்கும் இடமே தெரியாத அளவுக்கு ஒட்டிப்போயிருக்கும். கை பழகாதவர்கள் பக்கத்தில் நல்ல கோழி ஒன்றையும் தொட்டு ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பாம்புக்கும் மரநாய்க்கும் பயந்து கூட்டில் ராத்திரி முழுக்க பல்பு எரிய விடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிச்சமும் தீனியும் இருந்தால் கோழி நடுச்சாமத்திலும் தின்னும். காலையில் பை நிறைந்திருப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

தொடும்போது கோழியை மடியில் வைத்து, சிறகுகளை உடம்போடு சேர்த்து ஒரு துண்டால் சுற்றிக்கொள்ளுங்கள். மார்பை இறுக்காதீர்கள். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்எலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு வரும். இறுக்கிப் பிடித்தால் சத்தமில்லாமல் திணறிப்போகும். இன்னொரு கையால் பையைக் கீழிருந்து ஏந்தி, விரல் நுனியால் மெதுவாக உருட்டிப் பாருங்கள்.

கெட்டியாக, கல் மாதிரியோ விரல் பட்ட இடத்தில் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும்படியோ இருந்தால் அது அடைப்பு. அசைத்தால் தளும்புகிறது, அலகைத் திறந்தால் கெட்டுப்போன தோசைமாவு வாடை வருகிறது என்றால் அது புளிப்பு. பை தளர்ந்து மார்புக்குக் கீழே தொங்கி, நடக்கும்போது இப்படியும் அப்படியும் ஆடினால் அது தொங்கல். இந்த மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றில்லை. ஒன்றுக்குச் செய்வது மற்றொன்றுக்குக் கேடாக முடியலாம். இரண்டு ஒன்றாக வருவதும் உண்டு: தளும்பும் நீருக்கு நடுவே விரலில் ஒரு கட்டி தட்டுப்பட்டால், முதலில் அடைப்பு விழுந்து, தேங்கியது பிறகு புளித்திருக்கிறது என்று பொருள்.

கை வைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் கோழியைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட வேண்டும். மார்எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் இது நேற்று வந்த நோயல்ல. பல நாளாகத் தின்றது உடம்பில் ஒட்டவில்லை. எச்சம் கொஞ்சமாக, பச்சையாக இருந்தால் வயிற்றில் இரையே இறங்கவில்லை, பித்தம் மட்டும் வருகிறது. வாய்க்குள் பாருங்கள்: வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், தொண்டைக்குள் போட்ட அம்மையாக இருக்கலாம், டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். பின்பக்கம் புடைத்து, பெங்குவின் மாதிரி நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை மாட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால் நீட்டிப் படுத்தால் மேரக் நோய். அது நரம்பைத் தாக்குவது. இரைப்பையை இயக்கும் நரம்பும் செயலிழந்துவிடும். அதற்கு எண்ணெய் கொடுத்துப் பிசைந்து பயனில்லை.

நம் ஊரில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ராணிக்கெட் நோயைத்தான். வெள்ளைக் கழிச்சல் என்று சொல்வோமே, அதே. அதிலும் இரைப்பையில் புளித்த நீர் தேங்கும்; கோழியைத் தூக்கினால் வாயிலிருந்து கொழகொழவென்று ஒழுகும். கூடவே பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், மூச்சு இழுப்பு, கழுத்து முறுக்கல், இரண்டு மூன்று கோழிகள் ஒரே நேரத்தில் சுருண்டுகொள்வது. இரைப்பைக் கோளாறு பெரும்பாலும் ஒற்றைக் கோழியின் நோய். அடுத்த கோழியும் அதற்கடுத்ததும் படுத்தால் அது தொற்று. அப்போது இரைப்பையை விட்டுவிட்டு, நோய்க்கோழிகளைப் பிரித்து, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லியனுப்புங்கள். திடீரென்று கும்பலாகச் செத்தால் செத்ததை அறுத்துப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சலும் அப்படித்தான் வரும்.

யாரும் எளிதில் யோசிக்காத காரணம் ஒன்று உண்டு: ஈயம். பழைய பேட்டரி உடைத்த இடம், பெயின்ட் உரிந்த பழைய கதவு, தூண்டில் ஈயக்குண்டு இவற்றின் அருகே மேயும் கோழி பளபளக்கும் துண்டைக் கல் என்று நினைத்து விழுங்கிவிடும். இரைப்பை அசையாமல் நின்றுவிடும், எச்சம் பச்சையாகும், கால் தளரும். அந்தக் கோழியின் முட்டையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது.

அடைப்பு

அடைப்பில் உள்ளே இருப்பது அநேகமாக நார்தான். காய்ந்த நீளப் புல், வைக்கோல், தேங்காய் நார், சாக்கு நூல், நைலான் கயிற்றுப் பிரி, ரப்பர் பேண்ட், கேரி பேக் துண்டு. ஒரு நார் மாட்டினால் போதும், அடுத்து வருவதெல்லாம் அதைச் சுற்றிக்கொள்ளும். புல் வெட்டி அள்ளாமல் போட்டுவிட்ட தோட்டம் இதற்குப் பேர்போனது. நின்ற புல்லைக் கோழி நுனி நுனியாகக் கிள்ளித் தின்னும். வெட்டிக் கிடப்பதை முழு நீளத்துக்கு விழுங்கிவிடும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்துவிட்டு ஒரே மூச்சில் காய்ந்த மக்காச்சோளத்தையோ பயறையோ அள்ளி விழுங்குவதாலும் அடைக்கும். ஊறி உப்பும்போது பை தாங்காது. அடைக்கோழியும் கவனிக்க வேண்டியதுதான். முட்டை மேல் உட்கார்ந்தே கிடந்துவிட்டு, இறங்கிவரும் ஒரு சில நிமிடத்தில் அவசரமாகத் தின்றுவிட்டு மறுபடி போய் அசையாமல் உட்காரும். தண்ணீர் போதாமல் உள்ளிருப்பது இறுகிப்போகும்.

முதல் வேலை தனியாகப் பிரிப்பது. பஞ்சாரத்தில் மண்தரை மேல் கவிழ்த்து வைத்தால் தரையைக் கிளறி மறுபடி எதையாவது தின்னும். அடியில் கம்பி வலையோ பழைய துணியோ உள்ள கூண்டு நல்லது. எச்சம் விழுகிறதா, எவ்வளவு, என்ன நிறம் என்பதும் அதில்தான் தெரியும். எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பையில் போட்டுத் தூக்கும் சின்னத் தொங்கு தராசு போதும்.

முதல் 12 மணி நேரம் கெட்டித் தீனி கிடையாது. தண்ணீர் எப்போதும் வேண்டும். 24 மணி நேரத்துக்கு மேல் பட்டினி போட்டால் வைத்தியமே கேடாகிவிடும். சின்ன உடம்பு, சூடு அதிகம், சேமிப்புக் குறைவு. ஏற்கனவே மெலிந்த கோழியை 12 மணி நேரம்கூட வெறுமனே விடாமல், நீர்த்த ஆகாரமாவது கொடுக்க வேண்டும்.

இதற்கு எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். ஒன்றரைக் கிலோ கோழிக்கு ஒரு வேளைக்கு 3 மி.லி., நாளுக்கு இரண்டு வேளை. கோழி தானாகத் தின்னும் நிலையில் இருந்தால், ஒரு தேக்கரண்டி வேகவைத்த மஞ்சள் கருவில் பிசைந்து முன்னால் வையுங்கள். அதைவிடப் பத்திரமான வழி இல்லை. தின்ன மறுத்தால் மட்டும் ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, அலகின் ஓரத்தில், ஒரு தடவைக்கு அரை மி.லி. என்று சொட்டுச் சொட்டாக விட வேண்டும். விழுங்குவது தொண்டையில் தெரிந்த பிறகே அடுத்த சொட்டு. நாக்கு முடியும் இடத்துக்குப் பின்னால், நடுவில் ஒரு பிளவு திறந்து மூடுவதைப் பார்க்கலாம். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். மனிதருக்கு இருப்பது போல அதன் மேல் மூடி கிடையாது. அலகைப் பிளந்து நேராகப் பீய்ச்சினால் எண்ணெய் நுரையீரலுக்குப் போய்விடும். போன எண்ணெயை எடுக்க வழியில்லை. இரண்டு மூன்று நாளில் மூச்சு இழுத்துச் செத்தால் "வைத்தியம் பலிக்கவில்லை" என்போம். கொன்றது அந்தப் பீய்ச்சல்.

எண்ணெய் போய்ப் பத்து நிமிடம் கழித்து, வெதுவெதுப்பான தண்ணீர் 10 மி.லி. அதே முறையில். பிறகு தடவல். கோழி நிமிர்ந்தே இருக்க வேண்டும். பையைக் கீழிருந்து ஏந்தி, கட்டியின் விளிம்பிலிருந்து தொடங்கி, விரல் நுனிகளால் சின்னச் சின்ன வட்டமாக உருட்டுங்கள். கட்டியை உடைத்துத் தளர்த்துவதுதான் நோக்கம். அதை மேலே வாய்ப்பக்கம் தள்ளக் கூடாது. ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை. கோழி தலையை உதறினாலோ, கழுத்தை நீட்டி வாயைத் திறந்தாலோ உடனே நிறுத்தி, தலையைத் தாழ்த்திக்கொள்ள விட்டுவிடுங்கள். வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம் எச்சம்தான்: பச்சை நீர் குறைந்து, பழுப்பும் வெள்ளை முனையுமாக உருவம் வைத்த எச்சம் வரத் தொடங்கும்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிட வேண்டும். இஞ்சி, பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் அரைத்து நெல்லிக்காய் அளவு உருட்டித் தொண்டைக்குள் தள்ளும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் பொருள்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் அடைத்த பைக்குள் இன்னொரு உருண்டையைத் தள்ளுவதில் என்ன நியாயம் என்பது எனக்குப் புரியவில்லை. விளக்கெண்ணெயும் வேண்டாம், குடலைப் பிடுங்கி, ஏற்கனவே வறண்ட கோழியை இன்னும் வறட்டும். பேதி உப்பும் அப்படியே.

இரண்டு நாளில் கட்டி தளரவில்லை என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். நாரும் நைலானும் எண்ணெய்க்கு இளகாது. குழாய் விட்டுக் கழுவிப் பார்ப்பார். அதிலும் வராவிட்டால் பையைத் திறந்து எடுப்பார். முறையாகச் செய்தால் கோழி நன்றாகத் தேறும் அறுவை அது. இறகு பிடுங்கிச் சுத்தம் செய்து, மரத்துப்போகும் மருந்து போட்டு, தோலில் இரண்டு மூன்று செ.மீ. கீறி, பிறகு பையின் சுவரை ரத்தக்குழாய் இல்லாத இடம் பார்த்துத் திறந்து, உள்ளிருப்பதை எடுத்து, உப்புநீரில் கழுவித் தைப்பார்கள்.

இதையே பிளேடும் தையல் நூலும் வைத்து வீட்டில் செய்து, மஞ்சள் பூசி விடுகிறவர்கள் கிராமத்தில் இருக்கிறார்கள். சில கோழிகள் பிழைக்கவும் செய்கின்றன; அதனால்தான் அந்தப் பழக்கம் இன்னும் நிற்கிறது. பிழைக்காதவை ஏன் பிழைக்கவில்லை என்றால், தோலையும் பைச்சுவரையும் சேர்த்து ஒரே தையலாகப் போட்டுவிடுவதே முக்கியக் காரணம். பை சுருங்கி விரிவது, தோல் அப்படியல்ல. இரண்டையும் ஒன்றாகத் தைத்தால் பை இழுபட்டுத் தையல் விடும், இரை தோலுக்கடியில் கசிந்து சீழ் பிடிக்கும். பைச்சுவருக்குக் கரையும் நூலில் ஒரு தையல், தோலுக்குத் தனியாக ஒரு தையல் என்று இரண்டு அடுக்காகத்தான் போட வேண்டும். மரத்துப்போகும் மருந்திலும் ஆபத்து உண்டு: பறவைக்குத் தாங்கும் அளவு மிகக் குறைவு, கொஞ்சம் கூடினால் வலிப்பு வந்து இதயம் நின்றுவிடும். வலியோடு அறுப்பதா, மருந்தால் கொல்வதா என்ற நிலைக்கு வீட்டில் போக வேண்டியதில்லை. அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஊருக்குள் கால்நடை ஆம்புலன்ஸ் வேண்டுமென்றால் 1962 என்ற எண்ணை அழைக்கலாம்.

புளிப்பு

புளிப்பு நோய்க்குக் காரணம் கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்ற ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. அது வெளியிலிருந்து புதிதாக வருவதில்லை. நல்ல கோழியின் இரைப்பையிலும் கொஞ்சம் இருக்கும். நல்ல நுண்ணுயிர்கள் அதை அடக்கி வைத்திருக்கும். இரை நகராமல் தேங்கினாலோ, அந்த நல்ல நுண்ணுயிர்கள் செத்தாலோ அது பெருகும். பையின் உள்சுவர் தடித்து, வெள்ளையாகத் திரிந்த தயிர் ஒட்டியதுபோல ஆகும். அதன்பின் சுவரால் சரியாகச் சுருங்க முடியாது. தேக்கம் ஈஸ்ட்டை வளர்க்கும், ஈஸ்ட் தேக்கத்தை வளர்க்கும்.

நல்ல நுண்ணுயிர்களைக் கொல்வது பெரும்பாலும் நாம்தான். கோழி லேசாகச் சோர்ந்தால் மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் கேப்ஸ்யூல் வாங்கி, பிரித்துத் தண்ணீரில் கலந்து வைப்பது ஊர் வழக்கமாகிவிட்டது. அது பாக்டீரியாவைத்தான் கொல்லும். ஈஸ்ட்டுக்கு இடம் காலியாகும். புளிப்பு வந்த கோழிக்கு மறுபடி அதே கேப்ஸ்யூலைக் கொடுத்தால் நோய் முற்றும். இதற்கு அடுத்த காரணம் தீனி: பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், முந்தாநாள் ஊறவைத்த தவிடு, நொதித்த பழைய சோறு, பன், பிஸ்கட், பழத்தோல்.

இந்தக் கோழியைத் தலைகீழாகப் பிடித்துப் பிழிந்து "வாந்தி எடுக்க வைப்பது" பலருக்கும் தெரிந்த வைத்தியம். வீடியோக்களிலும் காட்டுகிறார்கள். ஒரு கப் நீர் கொட்டுவதைப் பார்த்தால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் மூடியில்லாத மூச்சுத் துளை அந்த நீர் வரும் வழியிலேயே இருக்கிறது. ஒரு மூச்சு தவறி இழுத்தால் புளித்த நீரும் ஈஸ்ட்டும் நுரையீரலுக்கும் காற்றுப்பைகளுக்கும் போய்விடும். அங்கேயே சாகாவிட்டாலும் நாலைந்து நாளில் நிமோனியாவில் போகும். பையைக் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் அது குழாய் விடத் தெரிந்த மருத்துவர் வேலை.

வீட்டில் நாம் செய்யக் கூடியது குறைவுதான், ஆனால் அதை ஒழுங்காகச் செய்ய வேண்டும். 12 மணி நேரம் தீனி நிறுத்தம். தண்ணீர் சுத்தமாக, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரேயடியாகக் குடித்தால் மறுபடி தளும்பும். சர்க்கரை, வெல்லம், குளுக்கோஸ், தேன் எதுவும் வேண்டாம்; எல்லாம் ஈஸ்ட்டுக்குப் போகும். சோறு, ரொட்டிக்கும் அதே விதி. இங்கே எண்ணெயும் வேண்டாம், உள்ளே கட்டி தட்டுப்பட்டால் தவிர. தடவலும் நீர் தளும்பும் வரை கூடாது. நீர் மேலேறி மூச்சில் போகும்.

மருந்து நிஸ்டாட்டின். மனிதர் வாய்ப்புண்ணுக்குக் கொடுக்கும் திரவம்தான், மி.லி.க்கு 1 லட்சம் யூனிட் அளவில் கிடைக்கும். பறவைகளுக்கு வழக்கமாக எழுதும் அளவு, கிலோ எடைக்கு 3 லட்சம் யூனிட், நாளுக்கு இரண்டு வேளை, 7 முதல் 10 நாள். ஒன்றரைக் கிலோ கோழிக்கு வேளைக்கு நாலரை மி.லி. வருகிறது. இதை மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். அவர் எழுதிய பிறகும் வீட்டில் இரண்டு தவறு நடக்கும். இது ரத்தத்தில் கலந்து வேலை செய்யும் மருந்தல்ல. பூஞ்சை இருக்கும் இடத்தில் நேராகப் பட்டால்தான் கொல்லும். பை நிறையத் தீனியோ நீரோ இருக்கும்போது கொடுத்தால் கரைந்து வீணாகும், எனவே காலி வயிற்றில், தீனிக்கு முன். இரண்டாவது, மூன்றாம் நாள் கோழி கொக்கரித்து ஓட ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவது. பத்து நாளில் திரும்ப வரும் புளிப்பில் பெரும்பகுதி இப்படி வருவதுதான்.

மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) பற்றி விசாரிப்பவர்கள் உண்டு. தண்ணீரில் 2000-க்கு 1 என்ற விகிதம், அதாவது லிட்டருக்கு அரை கிராம், பழைய கோழிப் பண்ணை வழக்கம். அரை கிராமை எடை போடும் தராசு எத்தனை வீட்டில் இருக்கிறது? கண்ணளவில் "ஒரு சிட்டிகை" போட்டால் அது இரண்டு மடங்காவது எளிது. அரைவைப்பையின் உள்தோல் அரித்துப் புண்ணாகும். வீட்டுக் கோழிக்கு வேண்டாம் என்பதே என் பக்கம். ஆப்பிள் சிடர் வினிகரை லிட்டருக்கு 5 மி.லி. பிளாஸ்டிக் பாத்திரத்தில் கலந்து வைப்பதில் கெடுதல் இல்லை. தகரப் பாத்திரம் கூடாது. ஆனால் ஈஸ்ட் புளிப்பைத் தாங்கி வாழக் கூடியது, அதனால் அதை மருந்து என்று நம்பி நாள் கடத்தக் கூடாது. மோரும் தயிரும் அப்படியே: தேறிவரும்போது ஒரு தேக்கரண்டி தயிர் சரி, கிண்ணம் நிறைய வைத்தால் கழிச்சல் வரும்.

தொங்கல்

நீட்டி நீட்டித் தளர்ந்துபோன தசை மறுபடி இறுகாது. பலமுறை அடைத்த கோழிக்கு வரும், சித்திரை வெயிலில் தண்ணீரைக் குடம் குடமாகக் குடிக்கும் கோழிக்கும் வரும், சிலவற்றுக்குப் பிறவியிலேயே தளர்ச்சி. இதைக் குணப்படுத்துவது என்றில்லை, வைத்துப் பராமரிப்பதுதான். ஒரே வேளையாக இல்லாமல் நாளுக்கு நான்கைந்து வேளையாகச் சிறுசிறு அளவு ஈரத்தீனி, நார் அறவே கூடாது, தண்ணீர் நிழலில் குளிர்ச்சியாக. பழைய காட்டன் துணியில் இரண்டு சிறகுக்கும் அடியில் போய் முதுகில் கட்டும் ஒரு ஏந்துபட்டை தைத்துப் போட்டால், பை மேலே தூக்கி நின்று கீழ்வழி நேராகும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். முதல் நாள் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். பின்னால் பின்னால் நடந்து கழற்றப் பார்க்கும், பிறகு பழகிவிடும். தினமும் கழற்றி அடியில் ஈரமும் பேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கோழியை அடை வைக்க வேண்டாம், பிறவித் தளர்ச்சியாகத் தோன்றினால் அதன் முட்டையைக் குஞ்சுக்கும் வைக்க வேண்டாம்.

தேறும் நாட்கள்

பை காலியான நாளில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "பாவம், மூணு நாளாத் தின்னல" என்று கம்பும் குருணையும் அள்ளிக் கொட்டுவார்கள். ஒரு வாரமாக இழுபட்ட தசைக்கு அதைத் தள்ளும் வலு இருக்காது. மறுநாள் காலை மறுபடி நிறைந்த பை.

முதல் நாள் ஒரு வேளைக்கு 1 மேசைக்கரண்டி, சுமார் 15 கிராம், நாளுக்கு நான்கைந்து வேளை. வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு, அல்லது முட்டைக்கோழித் தூள்தீவனத்தை வெந்நீரில் குழைத்து ஆறவைத்தது. ஒரு வேளைத் தீனி பாதிக்கு மேல் இறங்கிய பிறகே அடுத்த வேளை. இறங்கவில்லை என்றால் கடிகாரம் என்ன சொன்னாலும் கொடுக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் குழைத்த தீவனம் இரண்டு மணி நேரத்தில் புளிக்கும். மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவுங்கள். மறுநாளிலிருந்து காலை காலியாக இருந்தால் வேளைக்கு 5 கிராம் கூட்டலாம். நாட்டுக்கோழி ஒன்று நல்ல நிலையில் நாளுக்கு 70 முதல் 90 கிராம் தின்னும். பெரிய முட்டைக்கோழி 100 முதல் 120. அந்த அளவை ஒரு வாரத்தில் எட்டினால் போதும். முழுத் தானியமும் கீரைத்தண்டும் ஏழு நாளுக்குப் பிறகு.

எடையைத் தினமும் காலையில், பை காலியாக இருக்கும்போது மட்டும் பாருங்கள். நிறைந்த பையோடு போட்ட எடை ஏமாற்றும். நோய் தொடங்கியபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்து, இன்னும் இறங்கிக்கொண்டே போனால், பை காலியானாலும் உள்ளே வேறு கோளாறு இருக்கிறது. எச்சத்தைப் புழுவுக்குப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கேப்பிலேரியா என்ற நூல்புழு இரைப்பைச் சுவரிலேயே குடியிருக்கும். மண்புழு தின்னும் மேய்ச்சல் கோழிக்கு வர வாய்ப்பு அதிகம். புழு மருந்தை இரை ஓட ஆரம்பித்த பிறகே கொடுக்க வேண்டும். தேங்கிய பையில் மருந்தும் தேங்கும், செத்த புழுக்கள் மொத்தமாகக் குடலையும் அடைக்கலாம். முட்டையை எத்தனை நாள் விலக்க வேண்டும் என்பதை மருந்து எழுதுபவரிடமே கேளுங்கள்.

முட்டை நின்றுபோனதற்காக வருத்தப்பட்டு முட்டைக்கென்று எதையும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். எடை திரும்பிய பிறகு அதுவாக வரும்.

திரும்பத் திரும்ப அடைக்கும் கோழிகளில் பலவற்றுக்குக் குறைவது கல். அவிழ்த்துவிட்ட கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். சிமென்ட் தரையிலும் மாடியிலும் வளரும் கோழிக்கு நாம்தான் வைக்க வேண்டும். கிளிஞ்சல் போட்டிருக்கிறோமே என்பார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்புச் சத்துக்கு. முன்வயிற்று அமிலத்தில் கரைந்து போய்விடும், அரைக்க உதவாது. அரைப்பதற்குக் கருங்கல் துகள் வேண்டும். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டைச் சல்லடையில் சலித்து, மேலே நிற்கும் 2 முதல் 4 மி.மீ. துகளை மட்டும் கழுவிக் காயவைத்தால் போதும். சிமென்ட் கலந்த மணல் வேண்டாம். தீவனத்தில் கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள்; தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு இதைவிடப் பொடி, ஆற்றுமணல் அளவு.

தேறிய கோழியைப் பகலில் கூட்டத்துக்குள் விட்டால் மற்றவை கொத்திப் பதம் பார்க்கும். ஒரு வாரம் பிரிந்திருந்தாலே அதன் இடம் போய்விட்டிருக்கும். இரண்டு நாள் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வைத்துப் பழக்கிவிட்டு, ராத்திரி அடைந்த பிறகு இருட்டில் கம்பின் மேல் ஏற்றி வைத்துவிடுங்கள். தீனியும் தண்ணீரும் இரண்டு இடத்தில் வையுங்கள், துரத்தப்பட்டாலும் ஒரு பக்கம் கிடைக்கும். அடுத்த மூன்று காலை, கூடு திறப்பதற்கு முன், அந்தக் கோழியின் பையை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றோடு விடலாம்.